இணையக் குக்கியும் சம்மதம் பற்றிய பிரச்சினையும்: ஒரு வரலாற்று நோக்கு

இணையத்தளம் ஒன்றை முதன்முறையாகத் திறக்கும் ஒருவருக்கு இன்று பெரும்பாலும் முதலில் எதிர்ப்படுவது அத்தளத்தின் உள்ளடக்கமன்று; குக்கிகளை ஏற்றுக்கொள்கின்றீரா என வினவும் ஒரு பெட்டியே. அதிலுள்ள வாசகங்களை முற்றாகப் படிப்போர் மிகச் சிலர். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு அப்பாற் செல்வதே வழக்கமாகிவிட்டது. ஒரு நாளிற் பல தடவை, ஏறத்தாழ அனிச்சையாக, நிகழும் இச்சிறு செயலையே சட்டத்தின் மொழி ‘சம்மதம்’ எனக் குறிப்பிடுகின்றது. இச்சம்மதம் எப்பொழுது, எவ்வகையான முரண்பாடுகளினூடாகத் தோன்றியது, அதற்கு முந்திய காலத்தில் யாருடைய சம்மதத்துடன் குக்கிகள் இயங்கின என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். உலாவியிலே குக்கிகளை எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்ற நடைமுறை வினாவையும் இவ்வரலாற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. உலாவியின் அமைப்புப் பக்கத்திலே காணப்படும் ஒவ்வொரு தெரிவும் ஏதோவொரு வாதத்தின் அல்லது விட்டுக்கொடுப்பின் எச்சமாகவே அங்கு வந்து சேர்ந்துள்ளது.

உலகளாவிய வலையினை 1989 ஆம் ஆண்டு தொடக்கம் ரிம் பேர்னேர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்திலே உருவாக்கியபொழுது, விஞ்ஞானிகள் தம்மிடையே ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்கு ஒரு வழியை ஏற்படுத்துவதே அவரது நோக்கமாயிருந்தது. அந்நோக்கத்திற்கு ஏற்பவே எச்.ரி.ரி.பி. என்னும் தொடர்பு நெறிமுறையும் அமைந்தது. வாசகர் ஓர் ஆவணத்தைக் கேட்கின்றார். சேவையகம் அதனை அனுப்புகின்றது. அத்துடன் தொடர்பு முடிந்துவிடுகின்றது. அடுத்த கணமே அதே வாசகர் மற்றோர் ஆவணத்தைக் கேட்பாராயின், அவர் முன்னர் வந்தவரென்பதைச் சேவையகம் அறியாது. நெறிமுறையின் இவ்வியல்பைக் கணனியியலாளர் ‘நிலை பேணாமை’ என்பர். ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்போருக்கு இம்மறதியால் எவ்வித இடையூறும் இல்லை. நூலகர் ஒருவர் வாசகரின் முகத்தை மறந்துவிடுவதனால் நூலின் பயன் குறைந்துவிடுவதில்லை.

ஆயின் வணிகத்திற்கு இம்மறதி ஒவ்வாதது. கடைக்குள் நுழைந்து ஒரு பொருளைக் கூடைக்குள் இட்டுவிட்டு அடுத்த தட்டுக்குச் செல்லும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் அதற்குள் மறந்துவிடுவாரெனின் அங்கு வியாபாரம் நிகழ இயலாது. 1990களின் நடுப்பகுதி, இணையம் அரச ஆய்வு நிதியின் ஆதரவிலிருந்து தனியார் மூலதனத்தின் கைக்கு மாறிய காலமாகும். அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றத்தின் முதுகெலும்பு வலையமைப்பு 1995 ஏப்பிரல் இறுதியில் மூடப்பட்டமை அம்மாற்றத்தின் முறையான நிறைவைக் குறித்தது. குக்கியின் தோற்றத்தை இப்பின்னணியிலே வைத்தே நோக்குதல் வேண்டும்.

மார்க் அன்றீசனும் ஜிம் கிளார்க்கும் 1994 இல் நிறுவிய நெற்ஸ்கேப் கொம்பனியிலே லூ மொன்ருலி என்ற இளம் பொறியியலாளர் பணியாற்றினார். கன்சாஸ் பல்கலைக்கழகத்திலே மாணவராயிருந்தபொழுது ‘லிங்ஸ்’ என்னும் உலாவியை ஆக்கியவர்களுள் அவரும் ஒருவர். எம்.சி.ஐ. என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்திற்காக நெற்ஸ்கேப் ஓர் இணைய வணிகச் செயலியை அக்காலத்தில் அமைத்துக்கொண்டிருந்தது. முற்றுப்பெறாத கொள்வனவுகளின் விவரங்களைத் தனது சேவையகங்களிலே தேக்கிவைக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. அவ்விவரங்களை வாடிக்கையாளரின் கணனியிலேயே வைத்துவிடலாம் என்பது மொன்ருலி கண்ட வழியாகும். எமது அரச வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்குச் செல்வோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நோயாளியின் கொப்பி நோயாளியின் கையிலேயே இருக்கும்; அடுத்த முறை வரும்பொழுது அவர் அதனைக் கொண்டுவந்து காட்டுவார்; வைத்தியர் மாறியிருப்பினும் சிகிச்சை தொடரும். மொன்ருலி தம் சகாவான ஜோன் ஜியனண்ட்றியாவுடன் சேர்ந்து இதற்கான விவரக்கூற்றை எழுதினார். 1994 ஒக்டோபர் 13 இல் வெளியான நெற்ஸ்கேப்பின் முதல் பரீட்சார்த்தப் பதிப்பிலேயே குக்கி இடம்பெற்றது. அதே மாதம் 27 ஆந் திகதி ‘ஹொட்வயர்ட்’ என்னும் இணைய சஞ்சிகை தன் பக்கங்களிலே பதாகை விளம்பரங்களை வெளியிடத் தொடங்கியது. அப்பொழுது இவ்விரண்டுக்குமிடையே தொடர்பேதும் இருக்கவில்லை. ஆயினும் இரு வாரத்து இடைவெளியிற் பிறந்த இவ்விரண்டும் பின்னர் ஒன்றை விட்டு ஒன்று பிரியாதனவாயின.

குக்கி என்பது யாது என்பதையும் ஈண்டு தெளிவுபடுத்திக்கொள்ளல் தகும். அது ஒரு சிறு எழுத்துத் தொடர். தானே இயங்கும் செய்நிரல் அன்று; ஆகவே அதனை வைரசு எனக் கருதி அஞ்சுவது பொருந்தாது. நெற்ஸ்கேப்பின் முதல் விவரக்கூற்று ஒரு குக்கிக்கு 4 கிலோபைற்று, ஒரு தளத்திற்கு 20 குக்கிகள், ஓர் உலாவிக்கு மொத்தம் 300 குக்கிகள் என எல்லை வகுத்தது. சேவையகம் அனுப்பும் அத்தொடரை உலாவி பேணிவைத்து, பின்னர் அதே தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு வேண்டுகோளுடனும் திருப்பி அனுப்பும். உலாவியை மூடியவுடன் அழிவன அமர்வுக் குக்கிகள். குறித்த திகதிவரை நிலைப்பன நிலைபேற்றுக் குக்கிகள். ‘மந்திரக் குக்கி’ என யுனிக்ஸ் கணனியியலாளரிடையே முன்னரே வழங்கிய தொடரிலிருந்து இப்பெயர் வந்தது. ஒரு நிரல் மற்றொன்றிடம் பெற்று, உள்ளே யாதுள்ளதெனப் பாராமலே திருப்பிக் கொடுக்கும் அடையாளத்தை அது குறித்தது. அடைவுகடையிலே தரப்படும் துண்டு அத்தகையதே. துண்டிலே இலக்கம் மாத்திரம் இருக்கும், அதன் பொருள் கடைக்காரரின் பேரேட்டிலே இருக்கும். தமிழில் ‘நினைவி’ என்ற சொல்லும் இதற்கு வழங்குகின்றது. அழகான சொல்லாயினும் அது ஓரளவு மயக்கத்திற்கு இடமளிக்கின்றது. காலப்போக்கிற் பெரும்பாலான குக்கிகள் வெறும் இலக்கங்களாயின. நினைவு முழுவதும் மறுபக்கத்துப் பேரேட்டுக்குச் சென்றது. எம்.சி.ஐ. விரும்பிய ஏற்பாட்டின் தலைகீழ் வடிவம் இதுவாகும்.

மொன்ருலி பின்னாளில் எழுதிய குறிப்பிலே கவனத்திற்குரிய ஒரு செய்தி உண்டு. ஒவ்வோர் உலாவிக்கும் நிலையான தனி இலக்கம் ஒன்றை வழங்கி, எல்லாத் தளங்களுக்கும் அதனையே காட்டச் செய்யும் யோசனையும் அன்று எழுந்தது. தளங்கள் ஒன்றுகூடி ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடர அது வழிவகுக்கும் என்பதனால் அவர் அதனை நிராகரித்தார். ஒரு தளம் இட்ட குக்கியை அத்தளம் மாத்திரமே மீளப் பெறலாம் என்ற விதி இந்நிராகரிப்பின் பயனேயாகும். எனவே, குக்கி தொடக்கத்திலிருந்தே வேவுக் கருவியாகத் திட்டமிடப்பட்டது எனச் சிலர் கூறுவதற்கு ஆதாரமில்லை. ஆயின் ஆக்கியோனின் நோக்கத்தை மாத்திரம் கொண்டு ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதிவிடவும் இயலாது.

நிராகரிக்கப்பட்ட அத்தனி இலக்கம் வேறொரு வழியால் உள்ளே வந்தது. இணையப் பக்கம் ஒன்று ஒரே சேவையகத்திலிருந்து வரவேண்டுமென்ற நியதியில்லை. செய்தி ஓரிடத்திலிருந்தும், அதனருகேயுள்ள படம் இன்னோரிடத்திலிருந்தும் வரலாம். விளம்பர நிறுவனம் ஒன்று ஆயிரம் தளங்களிலே தன் படங்களை இடுவதாகக் கொள்வோம். காலையிலே செய்தித்தாளின் பக்கத்தைத் திறக்கும் வாசகரின் உலாவி, விளம்பரப் படத்தைப் பெறும்பொருட்டு அந்நிறுவனத்தின் சேவையகத்தையும் நாடுகின்றது. அச்சேவையகம் ஓர் இலக்கத்தைக் குக்கியாக இடுகின்றது. மாலையிலே அதே வாசகர் நோயொன்றைப் பற்றித் தேடி மருத்துவத் தளத்திற்குச் செல்கின்றார். அங்கும் அதே நிறுவனத்தின் படம். அதே இலக்கம் திரும்பிச் செல்கின்றது. ஒரு தளத்தின் குக்கியை மற்றத் தளம் படிக்கலாகாது என்ற விதி எங்கும் மீறப்படவில்லை. விளம்பர நிறுவனம் தான் இட்டதையே தான் பெறுகின்றது. எனினும் வாசகரின் காலையும் மாலையும் ஒரே பேரேட்டிற் பதிவாகிவிடுகின்றன. வாசகர் பெயர்சொல்லிச் செல்லாத இடத்திலிருந்து வரும் இதனையே மூன்றாந் தரப்புக் குக்கி என்பர்.

இவையனைத்தும் வாசகருக்குத் தெரியாமலே நடைபெற்றன. குக்கிகளை ஏற்பது உலாவியின் இயல்பமைவாக இருந்தது. இயல்பமைவு என்று ஈண்டு குறிப்பிடுவது, பயன்படுத்துவோர் எதனையும் மாற்றாதவிடத்துத் தானாகவே நடைமுறையிலிருக்கும் ஏற்பாட்டையாகும். குக்கியின் வரலாறு முழுவதையும் இவ்வியல்பமைவு பற்றிய பிணக்காகவே வாசித்தல் கூடும். 1996 பெப்ரவரி 12 இல் இலண்டன் ‘பினான்ஷியல் ரைம்ஸ்’ நாளிதழ் குக்கியைப் பற்றி எழுதிய பின்னரே பொதுமக்கள் அதன் இருப்பை அறிந்தனர். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1996 இலும் 1997 இலும் இதுபற்றி விசாரணை அமர்வுகளை நடத்தியது. அதே காலத்தில் இணைய நியமங்களை வகுக்கும் பொறியியலாளர் குழுவொன்றும் இதனை ஆராய்ந்துகொண்டிருந்தது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்ரொல், மொன்ருலி ஆகிய இருவரும் எழுதி 1997 பெப்ரவரியில் வெளியான ஆர்.எவ்.சி. 2109 என்னும் நியம ஆவணம் தெளிவான நிலைப்பாட்டை எடுத்தது. மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவிகள் அனுமதிக்கலாகாது. அனுமதிக்கும் தெரிவொன்று இருப்பினும், பயன்படுத்துவோர் தாமாக அதனை இயக்கும்வரை அது மூடப்பட்டே இருத்தல் வேண்டும்.

இவ்வாவணம் நடைமுறைக்கு வரவில்லை. நெற்ஸ்கேப்பும் மைக்ரோசொவ்ற்றும் அதனைப் பின்பற்றவில்லை. இதன் காரணத்தை ஓரிருவரின் தீய எண்ணத்திலே தேடுவது பயனற்றது. ஆவணம் வெளிவருமுன்னரே விளம்பர வலையமைப்புகள் மூன்றாந் தரப்புக் குக்கியின்மீது தம் தொழிலை அமைத்துவிட்டன. வணிகத் தளங்களை நடத்துவோருக்குச் சேவையக மென்பொருளை விற்றதும் உலாவியை ஆக்கிய நெற்ஸ்கேப் கொம்பனியே. தளங்களின் வருவாயை அடைக்கும் உலாவியை அத்தகைய கொம்பனி வெளியிடுமென எதிர்பார்ப்பதற்கில்லை. நெற்ஸ்கேப்பிலே இத்தீர்மானம் மொன்ருலியிடமே விடப்பட்டது. மூன்றாந் தரப்புக் குக்கியைத் தடுத்தால் விளம்பர நிறுவனங்கள் கண்ணுக்குப் புலப்படாத வேறு வழிகளை நாடும். குக்கியாயின் வாசகர் அதனைக் காணலாம், அழிக்கலாம், அரசுகளும் ஒழுங்குபடுத்தலாம் என்பது அவர் முன்வைத்த நியாயம். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது என்பதைப் பின்னர்க் காண்போம். ஆயினும் நியமத்திலே தாம் கையொப்பமிட்ட நிலைப்பாட்டை நடைமுறையிலே அவரே கைவிட நேர்ந்தமை, தனிமனித விருப்பினின்றும் வேறான ஒரு விசை இங்கு செயற்பட்டதைக் காட்டுகின்றது. கிடைத்த சமரசம் யாதெனில், குக்கியை ஏற்குமுன் எச்சரிக்கும் தெரிவும், மூன்றாந் தரப்பினதை மறுக்கும் தெரிவும் நெற்ஸ்கேப்பின் மூன்றாம், நான்காம் பதிப்புகளிலே சேர்க்கப்பட்டன. தெரிவு இருந்தது, இயல்பமைவு மாறவில்லை. குக்கி ‘முகாமை’ எனப்படும் செயல் இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. நியமம் உலாவி ஆக்குவோர்மீது சுமத்திய கடமை வாசகரின் ஓய்வுநேர வேலையாக மாற்றப்பட்டது.

இம்மாற்றத்தின் விளைவு டபிள்கிளிக் நிறுவனத்தின் செய்தியிலே தெளிவாகப் புலப்படும். அக்காலத்திற் பெரிய விளம்பர வலையமைப்பாயிருந்த அந்நிறுவனம், அபகஸ் டிறெக்ற் என்னும் கொம்பனியை வாங்கப்போவதாக 1999 யூனில் அறிவித்தது. அபகஸிடம் அமெரிக்கக் குடும்பங்களில் ஏறத்தாழ 90 சதவீதமானவற்றின் பெயர், முகவரி, கொள்வனவுப் பழக்கங்கள் ஆகியன இருந்தன. அதுவரை இலக்கங்களாக மாத்திரம் இருந்தோர் பெயருடையோராகும் நிலை உருவாயிற்று. எதிர்ப்புப் பலமாக எழவே, 2000 மார்ச்சிலே பெயர்களை இணைக்கும் திட்டத்தை டபிள்கிளிக் கைவிட்டது. இதுபற்றித் தொடரப்பட்ட வழக்கில் நியூயோர்க் மாவட்ட நீதிமன்றம் 2001 மார்ச்சில் வழங்கிய தீர்ப்பே எம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. மத்திய சட்டங்களின் கீழான கோரிக்கைகள் தள்ளப்பட்டன. வாசகர் தளத்துக்கு அனுப்பும் தொடர்பிலே தளமும் ஒரு தரப்பாகும். விளம்பர நிறுவனத்திற்குத் தளம் இசைவு கொடுத்துள்ளது. சட்டத்திற்கு அது போதும் என்பது தீர்ப்பின் சாரம். சம்மதம் என ஒன்று இருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்றது. அதனைத் தந்தவர் வாசகரல்லர். 2007 ஏப்பிரலில் கூகிள் நிறுவனம் டபிள்கிளிக்கை 3.1 பில்லியன் டொலருக்கு வாங்க உடன்பட்டு, அடுத்த ஆண்டு மார்ச்சிலே அக்கொள்வனவை நிறைவுசெய்தது.

இயல்பமைவின் வலிமை எத்தகையது என்பதற்கு மறுபுறத்துச் சான்றுகளும் உள்ளன. அப்பிள் நிறுவனம் 2003 இல் வெளியிட்ட சபாரி உலாவி, வாசகர் தாமாகச் செல்லாத தளங்களின் குக்கிகளை இயல்பாகவே மறுத்தது. விளம்பரத்தால் வாழாது கருவிகளை விற்று வாழும் கொம்பனிக்கு அது இயலக்கூடியதாயிருந்தது. அத்தடையைச் சுற்றிச்சென்று சபாரி பயன்படுத்துவோரின் உலாவிகளிலே குக்கி இட்டதற்காகக் கூகிள் 2012 ஓகஸ்ட்டில் 22.5 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. அமைப்புப் பக்கத்திலே புதைந்துகிடக்கும் தெரிவொன்றைச் சிலர் மாற்றுவதனாற் பெரும் நிறுவனங்கள் கவலையுறுவதில்லை. இயல்பமைவு மாறும்பொழுதே அவை கவலையுறுகின்றன. 2013 இல் மொசில்லா தன் பயர்பொக்ஸ் உலாவியிலே இதையொத்த ஏற்பாட்டைச் செய்ய முனைந்தபொழுது விளம்பரத் துறையினர் கடுமையாக எதிர்த்தனர். திட்டம் பிற்போடப்பட்டது. அறியப்பட்ட வேவுக் குக்கிகளைப் பயர்பொக்ஸ் எல்லோருக்கும் இயல்பாகத் தடுக்கத் தொடங்கியது 2019 செப்டெம்பரிலேயே.

ஐரோப்பாவிலே பிரச்சினை வேறு வழியாக அணுகப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டுப் பணிப்புரை, ஒருவரது கருவியிலே தகவலைத் தேக்குவோர் அவருக்கு அதனை அறிவித்தல் வேண்டும், மறுக்கும் உரிமையையும் வழங்கல் வேண்டும் என்றது. 2009 இல் இது திருத்தப்பட்டு, முற்கூட்டிய சம்மதம் வேண்டும் என்றாயிற்று. கூடையிலே பொருளை இட்டுவைப்பது போன்று, வாசகர் கேட்ட சேவைக்கு இன்றியமையாத குக்கிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. சம்மதம் தரவேண்டியவர் வாசகரே என்பது நியூயோர்க் தீர்ப்பின் பின்னர் ஏற்பட்ட பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்சம்மதத்தைப் பெறும் பணி யாரிடம் விடப்பட்டது? சம்மதத்தால் இலாபமடையும் தளங்களிடமே. வெளிச்சமான பெரிய ‘ஏற்கிறேன்’ பொத்தான், நான்கு திரைகளுக்கு அப்பாலுள்ள மறுப்பு, முன்னரே அடையாளமிடப்பட்ட பெட்டிகள் என்பன இதன் விளைவுகளாகும். முன்னரே அடையாளமிட்ட பெட்டி சம்மதமாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் ‘பிளானெற் 49’ வழக்கிலே 2019 ஒக்டோபர் 1 இல் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போன்று மறுப்பதும் எளிதாயிருத்தல் வேண்டும் என்ற அடிப்படையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை கூகிளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. இதன் பின்னரே ‘எல்லாவற்றையும் மறுக்கிறேன்’ என்ற பொத்தான் பல தளங்களின் முன்றிலுக்கு வந்தது.

தளந்தோறும் வினவுவதை விடுத்து, உலாவியிலே ஒருமுறை கூறிவிட்டால் எல்லாத் தளங்களும் கேட்கும்படி செய்யலாகாதா என்ற வினா இயல்பாகவே எழும். ‘பின்தொடராதே’ என்னும் சமிக்ஞை அதற்காகவே பயர்பொக்ஸில் 2011 இல் இடம்பெற்றது. அதனை மதிக்கவேண்டுமென எச்சட்டமும் கட்டாயப்படுத்தாமையால் பெரும்பாலான தளங்கள் பொருட்படுத்தவில்லை. நியமத்தை வகுக்க முயன்ற குழு 2019 ஜனவரியிலே கலைக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான ‘உலகளாவிய தனியுரிமைக் கட்டுப்பாடு’ என்னும் சமிக்ஞைக்குக் கலிபோர்னியா மாநிலத்திலே சட்ட வலு உண்டு. அதனை மதியாத செபோரா என்னும் அழகுசாதன விற்பனை நிறுவனம் 2022 ஓகஸ்ட்டில் 1.2 மில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது.

விளம்பரக் குக்கியால் விளைவது விளம்பரம் மாத்திரமே, அதனால் யாருக்கு என்ன கேடு என வினவுவோரும் உளர். எட்வேர்ட் சினோடன் வெளிப்படுத்திய ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு 2013 டிசெம்பரிலே ‘வொஷிங்ரன் போஸ்ற்’ வெளியிட்ட செய்தி அவர்களுக்குத் தக்க விடையாகும். கூகிளின் குக்கி ஒன்றிலிருந்த இலக்கத்தை அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் தான் இலக்குவைத்தோரை இனங்காணப் பயன்படுத்தியது. சந்தைக்காக எழுதப்பட்ட பேரேட்டை அரசும் வாசிக்கும். தம் வாசிப்பினாலேயே ஐயத்துக்கு உள்ளாகக்கூடிய மக்கள் வாழும் நாடுகளிலே இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அண்மைக்கால வரலாற்றிலே மிகவும் பேசப்பட்டது கூகிளின் குறோம் உலாவி பற்றியதாகும். சபாரி 2020 மார்ச்சில் மூன்றாந் தரப்புக் குக்கிகள் அனைத்தையும் தடுத்தது. அதற்குச் சற்று முன், 2020 ஜனவரியில், தானும் இரண்டாண்டுக்குள் அவற்றைக் கைவிடுவதாகக் கூகிள் அறிவித்தது. பின்னர் அத்தவணை 2023 ஆயிற்று, 2024 ஆயிற்று, 2025 ஆயிற்று. 2024 யூலையில், நீக்குவதற்குப் பதிலாகப் பயன்படுத்துவோரிடம் கேட்கப்போவதாகக் கூறப்பட்டது. 2025 ஏப்பிரலில், தனியாகக் கேட்பதும் இல்லையென்றாயிற்று. குக்கிக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட ‘பிறைவசி சாண்ட்பொக்ஸ்’ திட்டத்தின் பெரும்பகுதி 2025 ஒக்டோபரிலே கைவிடப்பட்டது. கூகிளின் தாய் நிறுவனம் 2023 இல் ஈட்டிய 307 பில்லியன் டொலர் வருவாயில் 237 பில்லியனுக்கு மேற்பட்டது விளம்பரத்தினால் வந்ததென்பதை இத்தவணைகளுக்கு அருகே வைத்து நோக்குதல் தகும். நியாயமாகக் கூறுமிடத்து, குக்கியை ஒழித்தால் ஏனைய விளம்பர நிறுவனங்கள் நசுங்கிக் கூகிளின் தனியுரிமை வலுப்படும் என்ற அச்சமும் பொய்யன்று. பிரித்தானியப் போட்டி அதிகாரசபை அக்காரணத்தினாலேயே இத்திட்டத்தை மேற்பார்வை செய்தது. வாசகரின் நலன் இவ்விரு மூலதனத் தரப்புகளின் பிணக்கிலே இடையிடையே துணைச்சான்றாக அழைக்கப்பட்டதேயன்றி, தனித் தரப்பாக அமர்த்தப்படவில்லை.

இந்நிலையில் ஒருவர் தம் உலாவியிலே செய்யக்கூடியது யாது? குறோமின் அமைப்புகளிலே தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதிக்குட் சென்று மூன்றாந் தரப்புக் குக்கிகளைத் தடுக்கலாம். பெரும்பாலான தளங்கள் இதனாற் பழுதுறுவதில்லை; பழுதுறும் ஒன்றிரண்டுக்கு விதிவிலக்களிக்கலாம். சபாரியிலும் பயர்பொக்ஸிலும் இத்தகைய பாதுகாப்பு இயல்பாகவே உண்டு. பயர்பொக்ஸ் 2022 யூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பேழைகளிலே பூட்டிவைக்கின்றது. முதற் தரப்புக் குக்கிகளையும் சேர்த்து அனைத்தையும் தடுப்பது விவேகமன்று. கடவுச்சொல் கொடுத்து உள்நுழையும் எத்தளமும் அதன்பின் இயங்காது. உலாவியை மூடும்தோறும் குக்கிகள் அழியும்படி அமைப்பது ஒரு நடுவழி. ஆயின் அதிலே ஒரு வேடிக்கை உண்டு. குக்கி வேண்டாமென ஒரு தளத்திற்கு நாம் கூறிய விடையையும் அத்தளம் பெரும்பாலும் ஒரு குக்கியிலேயே குறித்துவைக்கின்றது. அழித்துவிட்டுச் செல்வோரிடம் மறுநாளும் அதே வினா கேட்கப்படும். ஏற்றுக்கொண்டு பேசாமலிருப்போர் தொந்தரவின்றி வாசிப்பர்.

பல்கலைக்கழக நூலகம் போன்ற பொதுவிடத்துக் கணனிகளைப் பயன்படுத்துவோர் மேலும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். சாளரத்தை மூடுவதும் வெளியேறுவதும் ஒன்றல்ல. விட்ட இடத்திலிருந்து தொடருமாறு உலாவி அமைக்கப்பட்டிருப்பின் அமர்வுக் குக்கிகளும் மீண்டு வரும். அடுத்து அமர்பவர் முன்னவரின் மின்னஞ்சலுக்குள் நேரே நுழையலாம். 2010 இல் வெளியான ‘பயர்ஷீப்’ என்னும் கருவி, திறந்த கம்பியில்லா வலையமைப்பிலே அருகிலிருப்போரின் அமர்வுக் குக்கியைக் கவர்ந்து அவராகவே நுழைவது எத்துணை எளிதென உலகுக்குக் காட்டியது. பெருந்தளங்கள் தம் போக்குவரத்து முழுவதையும் மறைகுறியாக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு தூண்டுதலாயிற்று. தனிமறைவுச் சாளரமும் பலர் நினைக்குமளவுக்கு மறைவானதன்று. அது தன்னை மூடும்பொழுது குக்கிகளை அழிக்கும், அவ்வளவே. அச்சாளரத்திலே இருந்தோரின் தரவையும் சேகரித்ததாகத் தொடரப்பட்ட வழக்கைத் தீர்க்கும்பொருட்டு, பில்லியன் கணக்கான பதிவுகளை அழிக்கவும் அடையாளமற்றனவாக்கவும் கூகிள் 2024 ஏப்பிரலில் உடன்பட்டது.

மொன்ருலியின் பழைய வாதம் இவ்விடத்திலே மீண்டும் நினைவுக்கு வருகின்றது. உலாவியின் பதிப்பு, எழுத்துருக்கள், திரையின் அளவு போன்றவற்றைச் சேர்த்தே ஓர் உலாவியைத் தனித்து இனங்காணலாம் என்பதை இலத்திரனியல் எல்லை மன்றத்தின் 2010 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பரிசோதிக்கப்பட்ட ஏறத்தாழ 470,000 உலாவிகளில் 83.6 சதவீதமானவை வேறெதனையும் ஒத்திருக்கவில்லை. விரலடையாளம் போன்ற இம்முறைக்கு வாசகரின் கணனியிலே எதனையும் இடவேண்டியதில்லை. ஆகவே அழிப்பதற்கும் எதுவுமில்லை. அவர் முன்னுணர்ந்தது ஓரளவு நிகழ்ந்துள்ளது. ஆனால் குக்கியை அனுமதித்தமை அதனைத் தடுத்துவிடவுமில்லை. இரண்டும் ஒருங்கே வளர்ந்தன. தவிரவும், ஒரு நிறுவனத்தின் கணக்கினுள் பெயர்கொடுத்து நுழைந்திருப்போருக்கு அந்நிறுவனத்தைப் பொறுத்தவரை குக்கிக் கட்டுப்பாடு எதுவும் மறைப்பாகாது.

இலங்கையிலே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடயத்தைத் தொடுகின்றது. தனிப்பட்ட தரவு என்பதன் வரைவிலக்கணத்தினுள் இணையவழி அடையாளங்காட்டியும் அடங்கும். ஆதலின் குக்கியிலுள்ள இலக்கமும் அதனுள் வரும் என வாதிடுவதற்கு இடமுண்டு. 2025 மார்ச்சிலே நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மைப் பிரிவுகள் பிற்போடப்பட்டு, அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. இன்று எமது திரைகளிலே தோன்றும் சம்மதப் பெட்டிகளுட் பல ஐரோப்பிய வாசகர்களுக்காக ஆக்கப்பட்டு, வேறுபாடின்றி எமக்கும் காட்டப்படுவன. அவற்றிலே ‘மறுக்கிறேன்’ என அழுத்தும் யாழ்ப்பாணத்து அல்லது பேராதனை மாணவர் ஒருவரின் மறுப்பை மதிக்கும்படி எந்த நீதிமன்றிலே கேட்பது என்பது தனியே ஆராயப்படவேண்டிய விடயமாகும்.